கவிழ்க்காத கோப்பைகள்

பிப்ரவரியில் அண்ணனை அடக்கம் செய்த பிறகு, ஜூன் மாதத்து அந்தக் காலையில்தான் நோரீன் பாத்திரத்தில் இரண்டு முட்டைகளைப் போட்டாள். ஒற்றை முட்டை கொதிக்கும்போது எப்போதாவது ஒரு தட்டு தட்டிவிட்டு அடங்கிவிடும். இரண்டு முட்டைகள் அப்படியில்லை. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பாத்திரத்தின் ஓரத்தில் மோதிக்கொண்டு, விடாமல் எதையோ பேசிக்கொண்டே இருக்கும். அடுப்பின் முன்னால் நின்று அந்தச் சத்தத்தை அவள் கேட்டாள். மாடியில் அண்ணன் ஃப்ளரியின் கட்டில் கிறீச்சிட்டது. கூரை மேல் மழை பெய்துகொண்டிருந்தாலும் அந்தக் கிறீச்சு அவளுக்குத் தனியாகக் கேட்டது. ஒரு ஆள் புரண்டு படுக்கிற சத்தம். நாலு மாதமாக அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் இல்லை.

படுத்திருந்தவர் பெயர் லியோ சல்லிவன். அமெரிக்காவில் மொன்டானா பக்கம் பியூட் என்கிற சுரங்க ஊர். ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்விட்டாள், ஒரே மகன் எங்கேயோ கப்பல் கட்டும் தளத்தில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு மட்டும் பேசுவான். வீட்டை விற்ற கையோடு, தாத்தா பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்திருந்தார். தாத்தா பெயர் மர்ட்டி சல்லிவன். கார்ரிகீன் என்ற ஊரிலிருந்து இருபது வயதில் கப்பலேறி, பியூட்டில் செம்பு வெட்டியவர். ஊரைப் பற்றி வாயே திறக்காதவர். “எனக்கு அங்க யாரும் இல்ல” என்பதோடு முடித்துக்கொள்வாராம். தன் அம்மா பெயர் மேரி என்று ஒரு தடவை சொன்னாராம். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் அம்மா என்றாலே மேரிதான், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சல்லிவன் என்பதை வைத்துக்கொண்டும் ஒன்றும் செய்ய முடியாது. கடலுக்குள் நீண்டு கிடக்கும் எங்கள் பேரா முனையில் ஒரு கல்லை எறிந்தால் அது சல்லிவன் மேல் விழும், தவறினால் ஹாரிங்டன் மேல் விழும். அதனால் எங்களுக்குள் பெயரைக் கேட்பதில்லை, வகையறாவைத்தான் கேட்போம். செம்பட்டை வகையறா, பாலத்தடி வகையறா, குதிரைக்காரர் வகையறா என்று. கார்ரிகீனில் இரண்டு உண்டு. மேலே மேட்டு வீட்டார், அதுதான் நோரீன் வீடு. கீழே கடலோரத்தில் கரை வீட்டார். பங்குச் சாமியாருக்கு லியோ எழுதிக் கேட்டிருந்ததை அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் சொன்னபோது, மூன்றாவது வரிசையிலிருந்து நோரீன் எழுந்து நின்றுவிட்டாள். கோவிலுக்குள் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

“எங்க மர்ட்டி சாமி. எங்க அப்பாவோட அண்ணன். பியூட்டுக்குத்தான் போனாரு.”

உண்மைதான். மேட்டு வீட்டு மர்ட்டி பியூட்டுக்குப் போனார். போன புதிதில் இரண்டு தடவை ஏதோ எழுதினார், பிறகு ஒன்றுமில்லை. அவருடைய அம்மா சாகும்வரை சாலையைப் பார்க்கிற மாதிரித்தான் நாற்காலியைப் போட்டு உட்காருவாளாம். கரை வீட்டிலும் ஒரு மர்ட்டி உண்டு, ஆனால் அவர் கணக்கில் வரமாட்டார். அதே வருஷத்தில் கானாங்கெளுத்திக்கு வலை போடப் போய், படகு கவிழ்ந்து, அண்ணன் தம்பி மூன்று பேராகக் கடலோடு போனார்களே, அந்த மூவரில் ஒருவர் அவர். இரண்டு உடல்கள் ஒதுங்கின, மர்ட்டியின் உடல் ஒதுங்கவில்லை. கல்லறைக் கல்லில் மூன்று பேரின் பெயரும் இருக்கிறது.

லியோ கீழே இறங்கி வந்தார். உயரமான மனிதர், வாசல் நிலையில் குனியத் தெரியாமல் இருந்த நாளெல்லாம் தலையை இடித்துக்கொண்டார். அன்று காலையும்தான்.

“அத்தை, இந்த வீட்டைக் கட்டினவங்க எல்லாரும் குள்ளமா?”

“குள்ளம் இல்லப்பா, அடக்கமானவங்க. தலையைக் குனிஞ்சு நடந்தாங்க. உக்காரு, முட்டை ஆறுது.”

அத்தை என்று கூப்பிடச் சொன்னது நோரீன்தான். வந்த அன்றே, பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால் சொன்னாள். அவள் தந்தையின் அண்ணன் பேரன் என்றால் அவள் அத்தைதானே. அறுபத்தாறு வயது வரை அந்தச் சொல்லால் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. கல்யாணம் ஆகவில்லை. அம்மாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவை, பிறகு ஃப்ளரியை. இடையில் மீன் தொழிற்சாலையில் பத்து வருஷம் கத்தி பிடித்தாள். அவ்வளவுதான்.

சில நாள் கழித்து ரொட்டிக்கு மாவு வாங்கக் கடைக்குப் போனபோது கடைக்காரி பெக் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏண்டி, இந்த வாரம் மூணாவது தடவை மாவு வாங்குற. அமெரிக்காக்காரர் திங்கிறாரா, இல்ல செவுத்துக்குப் பூசுறாரா?”

“நல்லா சாப்பிடுற மனுஷன்.”

“பாத்தேன் பாத்தேன். நேத்து அவரு கையைப் புடிச்சுக்கிட்டு கல்லறைத் தோட்டத்துல நடந்து வந்தியே. எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு, நோரீன் கல்யாணம் பண்ணிக்கிட்டாளா, நமக்குச் சாப்பாடு போடலயேன்னு.”

“உன் வீட்டுக்காரரை வாயை மூடிக்கிட்டு உருளைக்கிழங்கைத் தோண்டச் சொல்லு,” என்றாள் நோரீன். வெளியே வந்த பிறகு, நனைந்த சாலையில் தனியாக, ஒரு சின்னப் பெண்ணைப் போலச் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

ஒரு வாரமாக அவள் அவருக்கு எல்லாவற்றையும் காட்டினாள். மர்ட்டி பிறந்த பின்னறை, இப்போது அங்கே வைக்கோல்தான் கிடக்கிறது. மர்ட்டி உட்கார்ந்து படித்த பள்ளிக்கூடத்தின் சுவர். குன்றின் மேல் இடிந்து நிற்கும் செம்புச் சுரங்கத்துப் புகைபோக்கி. லியோ ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். ஃப்ளரியின் கல்லறையில் மண் இன்னும் இறங்கி முடியவில்லை. அங்கே நின்றபோது நோரீன் அவரிடம், யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் கோவில் வாசலிலிருந்து சவப்பெட்டியை முதலில் தூக்குவது இறந்தவருடைய வகையறா ஆண்கள் நான்கு பேர். கல்லறை வரைக்கும் பிறகு யார் வேண்டுமானாலும் தோள் மாற்றலாம். அந்த முதல் தூக்கு மட்டும் சொந்தத் தோளாக இருக்க வேண்டும். ஃப்ளரிக்கு ஒரு தோள்கூட இல்லை. மூன்று மூலைகளுக்கு வேறு வேறு சல்லிவன்கள் இரவல் தோளாக வந்தார்கள். நான்காவது மூலை காலியாக நின்றது. வந்திருந்த ஆண்கள் எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து கரை வீட்டு டெனிஸ் வந்து, யாரையும் பார்க்காமல், தொப்பியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, அந்த மூலையில் தோளைக் கொடுத்தார். எழுபத்தேழு வயது மனிதர். கரையில் ஒதுங்கும் கடற்பாசியை வயலுக்கு உரமாக யார் அள்ளுவது என்பதில் அவருடைய அப்பாவும் நோரீனின் அப்பாவும் சண்டை போட்டு, அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. குழி மூடியதும் டெனிஸ் போய்விட்டார். சாப்பிட வரவில்லை. நோரீன் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்தே நாலு மாதம் ஓடிவிட்டது.

“எனக்கு யாரு தூக்குவாங்கன்னு ராத்திரில நெனைப்பு வரும் லியோ. செத்தவளுக்கு என்ன தெரியப்போகுது. ஆனாலும் வருது.”

லியோ குனிந்து கல்லறை மேல் கிடந்த ஒரு மண்கட்டியை நொறுக்கிப் பரப்பினார். பிறகு, “ஒரு மூலை என்னோடது அத்தை. ஒரு தந்தி அடிக்கச் சொல்லுங்க, வந்துடுவேன்,” என்றார். “ஆனா நீங்க இந்த வெண்ணெயைக் கொஞ்சம் கொறைச்சுக்கணும். எனக்கு முதுகுவலி இருக்கு.”

அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த இரவு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அது நடந்தது. வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருந்தது. பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வெந்த வாசம் வீட்டுக்குள் நின்றது. நோரீன் பாத்திரம் கழுவ, லியோ துணியால் துடைத்தார். அவள் எப்போதும்போல் கோப்பைகளைக் கழுவி வடிபலகையில் கவிழ்த்து வைத்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்தார், துடைத்தார், அலமாரியில் வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைத்தார். அது பரவாயில்லை. ஆனால் அலமாரியின் மேல்தட்டில் அவள் அம்மா காலத்துக் கோப்பைகள் ஆறு, தூசி விழாமலிருக்கக் கவிழ்த்தே கிடக்கும். யாரும் எடுப்பதில்லை. லியோ பேசிக்கொண்டே கையை உயர்த்தி அவற்றையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். தான் செய்வது அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை. மூக்கைச் சொறிவது போல, சட்டைப் பொத்தானைத் தடவுவது போல, கை தானாகச் செய்தது. பிறகு கீழே குனிந்து, மூலையில் கவிழ்ந்து கிடந்த வாளியையும் நிமிர்த்தினார்.

நோரீனின் கை சோப்புத் தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

“ஏம்ப்பா அதை நிமித்துற?”

“எதை?” அவர் அலமாரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஓ, இதுவா. எங்க வீட்டுப் பழக்கம் அத்தை. என் பொண்டாட்டி இதுக்காக என்னைத் திட்டாத நாள் இல்ல. எல்லாக் கோப்பையிலயும் தூசி. தாத்தா வெச்சது. கோப்பை, குண்டான், வாளி, எதுவும் வாய் கீழ பாத்துக் கெடக்கக் கூடாது. எங்கயாவது ஒரு கோப்பை கவுந்திருந்தாப் போதும், மனுஷன் சாப்பாட்டுல இருந்து எழுந்து வெளிய போயிடுவாரு. பனியிலகூடப் போய் நிப்பாரு. ஏன்னு கேட்டா அடி விழும். எனக்கு ஒரு தடவை விழுந்திருக்கு.” தன் காதைத் தொட்டுக் காட்டினார். “சுரங்கத்துல வேலை பாத்தவங்களுக்கு இப்படி ஏதாவது ஒரு பயம் இருக்கும்னு அம்மா சொல்லுவாங்க.”

“இருக்கும்,” என்றாள் நோரீன்.

சுரங்கத்துக்காரர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. மேட்டு வீட்டில் மூன்று தலைமுறை சுரங்கத்தில் இறங்கியிருக்கிறது. இது படகுக்காரர் வீட்டுப் பழக்கம். கார்ரிகீனில் படகு வைத்திருந்தது ஒரே ஒரு வீடுதான். கோப்பை கவிழ்ந்தால் படகு கவிழும் என்று கரை வீட்டார் பாத்திரம் எதையும் கவிழ்க்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டெனிஸை அதைச் சொல்லித்தான் கேலி செய்வார்களாம், உங்க வீட்டு டீயில சிலந்திக்கும் சேத்து சர்க்கரை போடுவாங்களா என்று. நோரீன் பிறப்பதற்கு முன்பிருந்தே ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் அது.

அவள் தண்ணீரைக் கொட்டினாள். மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். அப்படியானால் கரை வீட்டு மர்ட்டி கடலோடு போகவில்லை. அன்றைக்குப் படகில் ஏறவேயில்லையோ, ஏறி நீந்திக் கரை சேர்ந்தாரோ. அண்ணன் தம்பி இரண்டு பேரைக் கொடுத்துவிட்டுத் தாயின் முகத்தில் விழிக்க முடியாமல் அப்படியே சாலையைப் பிடித்துப் போனாரோ. அன்று காலை அவர் எந்தக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாரோ. யாருக்குத் தெரியும்? தெரிந்தது ஒன்றுதான். மாடியில் படுக்கும் இந்த மனிதர் கரை வீட்டுப் பேரன், அவளுக்கு எந்த உறவும் ஆகமாட்டார்.

அது மட்டுமா? அவளுடைய மர்ட்டியும் போனார். ஒரு வாரமாக அவருக்கு பியூட்டில் ஒரு வீடு இருந்தது, பனியில் நடந்த காலடி இருந்தது, மகன் இருந்தான், பேரன் இருந்தான். இப்போது மறுபடி இரண்டு தடவை எழுதியதோடு நின்றுபோன ஆளாகிவிட்டார். பாட்டியின் நாற்காலி மறுபடி சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இதை நோரீன் நன்றாகவே யோசித்தாள், அவளை நல்லவளாக மட்டும் காட்டி நான் உங்களை ஏமாற்றமாட்டேன். லியோவுக்கு ஓர் அத்தை கிடைத்தாயிற்று, அவருக்கு அது போதும். செத்தவர்கள் கேட்கப்போவதில்லை. டெனிஸ் கேட்கப்போவதில்லை.

மறுநாள் மதியம் லியோ கோட்டு மாட்டிக்கொண்டு குன்றுக்குப் போனதும் அவள் கரைக்கு இறங்கினாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. சிறு பெண்ணாக இருந்தபோது போனது. டெனிஸ் வாசலில் உட்கார்ந்து மீனைக் கீறிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கத்தி ஒரு கணம் நின்றது, பிறகு நகர்ந்தது.

“வாம்மா.”

“சும்மா இந்தப் பக்கமா வந்தேன்.”

“இந்தப் பக்கத்துக்கு அப்புறம் கடல்தான் இருக்கு,” என்றார் டெனிஸ்.

அவள் அரைக்கதவின் மேலாக உள்ளே பார்த்தாள். இருட்டுக்குள் அலமாரி தெரிந்தது. நீலக்கோடு போட்ட கோப்பைகள் வரிசையாக, வாயைத் திறந்து கூரையைப் பார்த்தபடி. ஒற்றை ஆள் வீட்டில் அவ்வளவு கோப்பைகள். சுவரில் சாமி படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு, அதன் கீழே கடலோடு போன மூவரின் பெயர்கள்.

“ஃப்ளரிக்குத் தோள் குடுத்தீங்க. நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லல.”

“கனமா இல்ல. ஒல்லியான பையன்.” ஃப்ளரிக்கு எழுபது வயது. “உங்களுக்கு அமெரிக்காவில இருந்து ஆள் வந்திருக்காமே. கேள்விப்பட்டேன். நல்லது. எங்களுக்கு அந்தப் பக்கம் யாரும் போகல. போனவங்க எல்லாம் இந்தப் பக்கம்தான்.” கத்தியால் தண்ணீரைக் காட்டினார். “வருஷா வருஷம் மூணு பேருக்கும் பூசை குடுக்குறேன். ரெண்டு பேருக்குக் கல்லறை இருக்கு. மர்ட்டி சித்தப்பாவுக்குத்தான் ஒண்ணுமில்ல. எங்க அப்பா சாகுற வரைக்கும் அவரு பேரைச் சொல்லும்போது மட்டும் கதவைப் பாப்பாரு.”

எழுந்துபோய் ஒரு வெள்ளைப் பேசின் கிண்ணத்தை எடுத்து, கீறிய கானாங்கெளுத்தி நாலு போட்டுக் கொடுத்தார்.

“அவருக்குப் பொரிச்சுக் குடு. சொந்த ஊரு மீனு.”

அவள் வாங்கிக்கொண்டு மேடேறினாள். மீனைப் பொரித்தாள். லியோ நான்கில் மூன்றைத் தின்றுவிட்டு விரலை நக்கினார். இப்படி ஒரு மீனை வாழ்க்கையில் தின்றதில்லை என்றார். அவள் தன் தட்டில் இருந்ததைத் தொடவில்லை.

“என்ன அத்தை, உடம்பு சரியில்லையா?”

“முள்ளுப்பா,” என்றாள்.

அடுத்த நாள் மாலை வரைக்கும் அவள் ஒன்றும் செய்யவில்லை. அதற்கடுத்த நாள் காலை அவருக்குப் பேருந்து. மாலையானதும் பேசினைக் கழுவித் துடைத்தாள். “வா லியோ, பாத்திரத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வரலாம்,” என்று கோட்டை மாட்டினாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. யாராக இருந்தாலும் அந்தப் பேசினைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். நோரீன் அதை இடுப்பில், வாய் மேலே பார்க்க வைத்துக்கொண்டு நிதானமாக நடந்தாள். தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. “குடுங்க நான் எடுத்துக்கிறேன்,” என்று லியோ வாங்கிக்கொண்டார். அவரும் அதைக் கவிழ்க்கவில்லை. இரண்டு பேரும் தெப்பமாக நனைந்து, பேசினில் இரண்டு விரற்கடை மழைத் தண்ணீரோடு டெனிஸின் வாசலில் போய் நின்றார்கள்.

டெனிஸ் பேசினைப் பார்த்தார். அதிலிருந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்த பெரிய கைகளைப் பார்த்தார்.

“மேட்டு வீட்டாளுங்க இப்படிக் கொண்டு வந்து நான் பாத்ததில்லையே,” என்றார் மெதுவாக.

“டெனிஸ், இவருக்குச் சூடா ஒரு டீ போட்டுக் குடுங்க,” என்றாள் நோரீன். குரல் சரியாகவே வந்தது. “லியோ, உன் தாத்தாவோட கோப்பை விஷயம் சொன்னியே, அதை இவர்கிட்டயும் சொல்லு. மர்ட்டின்னு பேரையும் சொல்லு.”

லியோ குனிய மறந்து நிலையில் தலையை இடித்துக்கொண்டார். உள்ளே போனவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தார், அலமாரியைப் பார்த்தார். தேய்த்த கை அப்படியே நெற்றியில் நின்றது. டெனிஸ் ஒரு கோப்பையை எடுத்து, அதற்குள்ளிருந்த தூசியை ஊதுவதற்காக வாயருகே கொண்டுபோனார். ஊதவில்லை. கூரையில் மழை கொட்டியது.

“அத்தை?” என்றார் லியோ, திரும்பாமல்.

நோரீன் அரைக்கதவைச் சாத்திவிட்டு நடந்தாள்.

மேடேறி வீட்டுக்கு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. கோட்டைக் கழற்றி அடுப்பருகே தொங்கவிட்டாள். வடிபலகையில் காலையில் லியோ துடைத்து நிமிர்த்திய கோப்பை அப்படியே இருந்தது. அதை எடுத்தாள், கை பழக்கத்தில் கவிழ்க்கப் போனது, நிறுத்தி மறுபடி இருந்தபடியே வைத்தாள். அவருடைய பெட்டி மாடியில் இருக்கிறது. சவரக்கத்தி ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. எடுக்க வரத்தானே வேண்டும்.

மழை விட்டிருந்தது. கீழே கரை வீட்டில் விளக்கேற்றியிருந்தார்கள். இரண்டு ஜன்னலிலும் வெளிச்சம், டெனிஸ் எப்போதும் ஒன்றில்தான் ஏற்றுவார். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. நோரீன் ஒரு முட்டையை மெல்ல உள்ளே விட்டாள். அது அடியில் போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடங்கியது. இரண்டாவது முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலருகே நின்றாள். சாலையில் யாரும் இல்லை. உள்ளங்கைக்குள் முட்டை கொஞ்சங்கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டிருந்தது.